வீட்ல முதல் தடவை சோயா கேண்டில் பண்ணப்போ என்ன ஆச்சு, சொல்லுங்க

மல்லிக்காரி, மதுரை:
நானே ஆரம்பிக்கிறேன். மதுரையில இருந்துட்டு மல்லி வாசத்துல ஒரு கேண்டில் கூட பண்ணலன்னா எப்படின்னு சோயா வேக்ஸ் (சோயா எண்ணெய்ல பண்ற மெழுகு) ஒரு கிலோ, பஞ்சுத் திரி, அப்புறம் ஆன்லைன்ல "100% ப்யூர் மல்லிகை எசென்ஷியல் ஆயில்" (பூவுல இருந்தே எடுக்கற வாசனை எண்ணெய்னு அர்த்தம்) 15 மில்லி 180 ரூபாய்க்கு வாங்குனேன். கொதிக்கிற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரத்தை வச்சு 200 கிராம் மெழுகு உருக்கி, பாட்டிலையே கவுத்துட்டு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தியாச்சு. மறுநாள் ஏத்துனா, சத்தியமா சொல்றேன், ஏசி பஸ் வாசம். எங்க அத்தை வந்து "யாருடி ஃபினாயில் போட்டா"ங்கறாங்க.

அப்புறம்தான் தெரிஞ்சது, மல்லிப்பூவ ஆவியில வடிச்சா அந்த வாசம் வராதாம், சூடு தாங்காது. சால்வென்ட்ல, அதாவது வாசத்தைக் கரைச்சு எடுக்கற திரவத்துல, ஊற வச்சு மெழுகு மாதிரி ஒண்ணு எடுத்து, அதை ஆல்கஹால்ல கழுவித்தான் வாசனை எண்ணெயை எடுக்கணுமாம், அதுக்கு அப்சல்யூட்னு பேரு. ஒரு கிலோ எடுக்க நூத்துக்கணக்கான கிலோ பூ போகுது. முகூர்த்த நாள்ல பூ விக்கிற வெலைய பாத்த எனக்கே 180 ரூபாய்ல சந்தேகம் வரல பாருங்க, அதைத்தான் சொல்லணும்.

மலைக்காத்து, கோத்தகிரி:
அக்கா சிரிச்சு முடியல 😂 எனக்கு இங்க தைலத்துக்குப் பஞ்சமே இல்ல, நல்ல யூகலிப்டஸ் தைலம் கையில இருந்துச்சு. ஆனா ஏதோ வீடியோவுல 85 டிகிரில ஆயில் கலக்கணும்னு சொன்னதை நம்பி அதே சூட்டுல ஊத்திட்டேன். அது செயற்கை வாசனை ஆயிலுக்குச் சொன்ன கணக்கு போல. நம்ம தைலம் லேசானது, 50 டிகிரி பக்கத்துலயே அதோட ஆவி தீப்பிடிக்கிற அளவுக்கு வந்துடும். வாசம் பூராவும் சமையல்கட்டுல, கேண்டில்ல ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு ரெண்டு நாளா இருந்த மூக்கடைப்பு போனதுதான் மிச்சம். இப்ப அடுப்ப அணைச்சு, பாத்திரத்தை வேற பக்கம் எடுத்து வச்சு, சூடு நல்லா இறங்கினப்புறம் கலந்து ரெண்டு நிமிஷம் மெதுவா கிண்டுறேன். எலுமிச்சை, ஆரஞ்சு ஆயில் வச்சிருக்கவங்களும் இதே மாதிரி பாத்துக்கோங்க.

இன்னொண்ணு அக்கா, நீங்க மறுநாளே ஏத்திட்டீங்க. சோயாவ மூடி வச்சு ஒரு வாரம் பத்து நாள் விட்டாதான் வாசம் நல்லா பிடிக்கும். உங்க பாட்டிலுக்கு ஒரு வருஷம் விட்டாலும் அதே பஸ்தான் வரும், அது வேற 😂

உப்புக்காத்து, சென்னை:
எனக்கு வாசம் பிரச்சனையே இல்ல, வெயில்தான். வேக்ஸ் மிச்சம் பிடிக்கலாம்னு பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் கலந்தேன், அதுவும் செடில இருந்து வர்றதுதானேன்னு. அது 24 டிகிரிக்கு மேல போனாலே எண்ணெய்தான், நம்ம ஊர்ல மார்கழியில கூட பாட்டில்ல உறையுமா உறையாதான்னு யோசிக்கும், இதுல மே மாசம். கேண்டில் கடைசி வரைக்கும் நெய் பதத்துலயே இருந்துச்சு, திரி சாஞ்சு படுத்துடுச்சு. கடையில கோகனட் வேக்ஸ்னு விக்கிறது ஹைட்ரஜன் சேத்தோ வேற மெழுகு கலந்தோ கெட்டியாக்குனது, நம்ம சமையல் எண்ணெய் இல்ல.

அடுத்தது அகலமான கண்ணாடி ஜாடி. நடுவுல மட்டும் கிணறு வெட்டுன மாதிரி உருகி, சுத்தி மெழுகு அப்படியே நிக்குது. அந்த அகலத்துக்குத் திரி ரொம்ப மெலிசு. ஜாடி அகலத்துக்கு ஏத்த திரி வாங்குங்க, முதல் தடவை ஏத்தும்போது மேல பூராவும் உருகுற வரைக்கும் அணைக்காதீங்க, இல்லன்னா அதே பள்ளத்துலதான் திரும்பத் திரும்ப எரியும்.

சும்மா படிக்க வந்தவ:
நான் கீழ தண்ணிப் பாத்திரம் இல்லாம மெழுகை நேரா அடுப்புல வச்சுட்டு போன் பேசப் போனவ. புகை கட்டி, குப்புனு பிடிச்சிருச்சு. எங்க வீட்டுக்காரர் சொம்பு தண்ணியோட ஓடி வர்றார், மாமியார்தான் "தண்ணி ஊத்தாத"ன்னு கத்திக்கிட்டே கேஸ அணைச்சு தோசைக்கல்ல தூக்கி மேல மூடுனாங்க. எண்ணெய் சட்டி தீப்பிடிச்சா என்ன பண்ணுவோமோ அதேதான். தண்ணி ஊத்தியிருந்தா கூரை வரைக்கும் தீ போயிருக்கும். அன்னைக்கு 400 ரூபாய்க்கு தெர்மாமீட்டர் வாங்குனேன், இன்னும் ஒரு கேண்டில் கூட பண்ணல.

மல்லிக்காரி, மதுரை:
ஐயோ, உங்க மாமியாருக்கு கோயில் கட்டலாம். நான் இப்ப லெமன்கிராஸ்ல ரெண்டு பங்கு, வெட்டிவேர் ஆயில் ஒரு பங்கு, எல்லாம் சேத்து மெழுகு எடைல 6%ன்னு தராசுல நிறுத்து ஊத்தி வச்சிருக்கேன். வெட்டிவேர் கனமான ஆயில், மத்த வாசம் சீக்கிரம் ஓடிடாம இழுத்துப் பிடிக்கும்னாங்க. இன்னைக்கு ஆறாவது நாள். மூடிய திறந்து மோந்து பாக்காம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. அத்தை ரெண்டு தடவை திறந்துட்டாங்க.

மலைக்காத்து, கோத்தகிரி:
என்ன சொன்னாங்க??

மல்லிக்காரி, மதுரை:
"பரவால்ல, தண்ணிப்பானை வாசம்"னாங்க 🙏