ஒரே 10 ஜிகாபிட் கார்டு, இரண்டு கணினிகளில் இரண்டு வேகம்: எதை ஒப்பிடுவது?

கேள்வி

ஒரே மாடல் 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டைப் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் பொருத்தி, ஒரே சர்வருடன் ஐபெர்ஃப்3 கொண்டு வேகத்தை அளந்தேன். புதியதில் நொடிக்கு 9.4 ஜிகாபிட் கிடைக்கிறது; பழையது 3.3-ஐத் தாண்டவில்லை. கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பிராசஸர் பழையது என்பதுதான் காரணமா? மதர்போர்டோடு சேர்த்து மாற்றிவிடலாமா?

மறுமொழி 1

அவசரப்பட வேண்டாம், முதலில் கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டைப் பாருங்கள். 3.3 என்ற எண்ணே எனக்குச் சந்தேகம் தருகிறது. கார்டுகளை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் இரண்டாம் தலைமுறையில், ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால், நொடிக்கு 5 ஜிகாபிட் ஓடும் ஒரு லேனில் (ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் ஒன்று) 4 ஜிகாபிட்தான் தேறும். பாக்கெட் தலைப்புகளுக்கும் பிறவற்றுக்கும் போக மிஞ்சுவது ஏறத்தாழ நீங்கள் கண்ட அளவே. மூன்றாம் தலைமுறையிலும் ஒரு லேனுக்கு 7.9 ஜிகாபிட்டுக்கு மேல் இல்லை. ஸ்லாட் நீளமாக இருப்பதால் 16 லேனும் உள்ளே இணைக்கப்பட்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பல போர்டுகளில் அந்த நீளம் தோற்றம் மட்டுமே. லினக்ஸ் என்றால் எல்எஸ்பிசிஐ கட்டளை, உண்மையில் எத்தனை லேன்கள் இயங்குகின்றன என்பதைக் காட்டும்.

மறுமொழி 2

ஸ்லாட்டைப் பார்க்கச் சொன்னது சரியே. ஆயினும் பிராசஸரை அதற்குள் விடுவித்துவிட முடியாது. 1500 பைட் பாக்கெட்டுகளாக 10 ஜிகாபிட்டை நிரப்ப, நொடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளைக் கையாள வேண்டும். அந்தச் சுமையில் பெரும்பகுதியைக் கார்டே ஏற்றுக்கொள்ளும் வசதி அணைக்கப்பட்டிருந்தால் பழைய பிராசஸரின் கோர் (அதற்குள் தனித்து இயங்கும் கணிப்புப் பகுதி) திணறும். சோதனையின்போது ஏதேனும் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். 3.16 பதிப்புக்கு முந்தைய ஐபெர்ஃப்3, பல இணைப்புகளைத் திறந்தாலும் ஒரே திரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான், இயங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எந்தக் கோரும் பாதிச் சுமையைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் கார்டு ஒரே ஒரு லேனில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டின் ஸ்லாட்டுக்கு மாற்றியதும் பழைய கணினியும் 9.4-ஐ எட்டிவிட்டது. இருந்தும் ஃபைல்களை நகலெடுக்கும்போது நொடிக்கு 180 மெகாபைட்டே வருகிறதே?

மறுமொழி 2

அது சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் வேகம். 10 ஜிகாபிட் என்பது 1,250 மெகாபைட். அதற்கு ஈடுகொடுக்க இரு முனைகளிலும் என்விஎம்இ டிரைவ் (பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே இணையும் வேகமான எஸ்எஸ்டி) வேண்டும்.