புதுப்பிப்பு: டிஸ்னி அரை மாரத்தானுக்குச் செட்டிநாட்டில் பயிற்சி

கிலோமீட்டருக்கு 10 நிமிடம் போதும் என்று முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் விதி மைலுக்கு (சுமார் 1.61 கி.மீ.) அதிகபட்சம் 16 நிமிடம், அரை மாரத்தானின் 21.1 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரம்கூட முழுசாக வராது. மிக்கியோடு படம் எடுக்க வரிசையில் நிற்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்குப் பழகுங்கள், 20 நிமிடம் கையில் மிஞ்சும்.

கானாடுகாத்தான் வீதிகள் நேராக, அகலமாக இருப்பதால் விடிகாலை 5 மணிக்கு குடும்பத்தில் நாலு பேரும் சேர்ந்தே ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் வேகநடை. அப்பத்தாவும் வந்தால் அவர் வேகம்தான் எல்லாருக்கும். பந்தயத்தன்று வேகத்தை வைத்துப் பிரித்த கிளம்பும் வரிசைகளில் பின்வரிசைக்கு மாறிச் சேர்ந்து கிளம்பலாம்; முன்வரிசைக்கு மாற விடமாட்டார்கள். 14 வயது ஆகாத பிள்ளைக்கு அனுமதி இல்லை.

தொடையிடுக்கில் வாசலின் தடவ மறக்காதீர்கள். உப்பு வேர்வை உரசி உரசித் தோல் உரிந்துவிட்டால், கடைசி 5 கி.மீ. காலை அகட்டித்தான் நடக்க வேண்டிவரும்.