"இப்ப எங்க வேலை பாக்குற?"

வேதியியலில் முதுகலை முடித்தவள் நான். முடித்த ஆறாவது மாதம் டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்தேன். "நல்லது கிடைக்கிற வரைக்கும்தான்" என்று வீட்டில் சொன்னேன். அந்த 'வரைக்கும்' இரண்டு வருடம் நான்கு மாதம் ஓடியது.

இடது பக்கத் திரையில் யாரோ கையால் நிரப்பிய படிவம், வலது பக்கம் காலிக் கட்டங்கள். பார்க்கணும், அடிக்கணும், டேப் தட்டணும், அடுத்தது. மணிக்கு இத்தனை படிவம் என்று கணக்கு. பிழை கூடினால் அந்த மாத ஊக்கத்தொகை போச்சு. என் கீபோர்டில் டேப் பட்டன் மட்டும் எழுத்தெல்லாம் அழிந்து வழவழவென்று இருக்கும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் சேர்ந்து தேய்த்தது அது. விரல் படும்போதெல்லாம், அவர்கள் எல்லாம் இப்போது எங்கே இருப்பார்கள் என்று தோன்றும்.

ராத்திரி வீடு வந்து வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால் அங்கேயும் அதே கட்டங்கள். பெயர், டேப், பிறந்த தேதி, டேப். கை தானாக அடிக்கும், மனசு கூட வராது. ஆரம்பத்தில் வாரத்துக்குப் பத்து விண்ணப்பம் போட்டவள், ஒரு வருடத்தில் மாதத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டேன்.

ஒருநாள் ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தின் படிவக் கட்டு வந்தது. பக்கத்து சீட் தம்பி, "அக்கா, இது என்ன எழுத்துன்னே புரியல" என்றான். எட்டிப் பார்த்தேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட். கிறுக்கல்தான், ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வரை அந்தக் கட்டில் படிக்க முடியாத பெயர் எல்லாம் என்னிடமே வந்தன. வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். படித்ததெல்லாம் மறந்துபோச்சு என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுத வந்த காரணம் வேறு. அந்த நாட்களில் ஒருநாள், என்னோடு படித்த ஒருத்தி நான் இருந்த பஸ்ஸில் ஏறினாள். "இப்ப எங்க வேலை பாக்குற?" என்று கேட்டுவிடுவாளே என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் இறங்குகிற வரை கழுத்து வலிக்க அப்படியே இருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "அடிப்பாவி, அப்ப எங்க லேபுக்கு ரெண்டு பேர் கிடைக்காம அலைஞ்சோமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அடுத்த காலியிடம் வர மேலும் நான்கு மாதம் ஆனது. இப்போது அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அந்த பஸ் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

*

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். பன்னிரண்டு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன் நான். பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியவர்களை நேர்காணலிலும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பையனின் பயோடேட்டாவில் மூன்று வருடம் காலி. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். துருவியபோது, "கிடங்குல சரக்கு எண்ணிட்டு இருந்தேன் சார்" என்றான். என்ன எண்ணினாய் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: மாதக் கடைசியில் கணக்கு ஒருபோதும் ஒத்துவராதாம். திரும்பி வரும் பெட்டிகளை வாசலில் ஒருமுறை, அலமாரியில் ஏற்றும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை பதிகிறார்கள் என்பதை இவன்தான் கண்டுபிடித்திருக்கிறான். எங்களுக்கு வேண்டியது அந்தக் கண்தான். அதை மறைத்துவிட்டு வந்திருந்தான்! பார்த்த வேலை எதுவானாலும் எழுதுங்கள். வெறும் பதவிப் பெயர் வேண்டாம், அங்கே என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

இன்னொன்று. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற ஆள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார், நம் காதுக்கு எட்டாத சேதி அவரிடம் இருக்கும். நாம் வெட்கப்பட்டு ஒதுங்குவதோ அவரைப் பார்த்துத்தான்.

அதற்காக யார் கூப்பிட்டாலும் போய்விடாதீர்கள். சேருவதற்கு முன்பணம் கேட்பவர், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்பவர், இந்த இரண்டு பேரிடமும் நிற்கவே நிற்காதீர்கள். முதல் வேலையில் என் சான்றிதழைத் திரும்ப வாங்க நான் ஐந்து மாதம் நடந்தேன்.

*

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். கால் சென்டர், நைட் ஷிப்ட், ஒன்றரை வருடம். படித்தது சிவில். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் காதில் அந்தப் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்து ஒரு வருடம் ஆகிறது.

ப்ராஜெக்ட் சமயத்தில் எங்களுக்கு சைட் காட்டிய ஒரு இன்ஜினியர் சாரின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. அவருக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்றுகூடத் தெரியாது. நான்கு தடவை எழுதி அழித்துவிட்டு, இப்போதுதான் அனுப்பினேன். "சார், தற்போது கால் சென்டரில் வேலை பார்க்கிறேன்" என்ற வரியையும் சேர்த்தே அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் இன்னும் இல்லை. எட்டு மணிக்கு ஷிப்ட், கிளம்பணும்.