மக்குவேனி கவுண்டியில் கிவுதா கிப்வானாவின் ஆட்சிக்காலம்

அன்புடைய சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கென்யாவில் வாழும் நம்மவர்களிடம் இந்நாட்டு அரசியலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஊழல் செய்திகளைத்தான் சொல்வோம். அதனால், இங்கு நன்றாக நடந்த ஓர் ஆட்சியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. மக்குவேனி கவுண்டியின் முதல் கவர்னராக 2013 முதல் 2022 வரை இருந்த பேராசிரியர் கிவுதா கிப்வானாவின் பணிகளையே இம்மடலில் எழுதுகிறேன்.

2010-இல் நிறைவேறிய புதிய அரசியலமைப்பு கென்யாவை 47 கவுண்டிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு கவுண்டிக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு கவர்னரும் ஒரு மன்றமும் உண்டு. நம் நாட்டு ஆளுநரைப் போல நியமனம் பெற்று வருபவர் அல்லர் இவர். கிட்டத்தட்ட ஒரு சிறிய முதலமைச்சர் என்றே கொள்ளலாம். நாட்டின் வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு கவுண்டிகளுக்குச் சென்றாக வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை, வேளாண்மை, உள்ளூர்ச் சாலை ஆகியவை கவுண்டியின் பொறுப்பு. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து கவர்னராக இருக்க முடியாது. கிப்வானா அந்த இரண்டு முறையையும் முழுமையாக முடித்தவர்.

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை மக்குவேனியின் ஊடாகத்தான் போகிறது. அந்த வழியில் மகிந்துவில் உள்ள சீக்கியர் குருத்வாராவில் இறங்கிச் சாப்பிட்ட நம்மவர்கள் பலர், தாங்கள் இருப்பது மக்குவேனி மண் என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். வடக்கே எம்பூனி மலைப்பகுதி பசுமையாக இருக்கும். கீழே இறங்க இறங்க முள்மரமும் செம்மண்ணும் வறண்ட ஆறுகளுமே கண்ணில் படும். பெரும்பாலோர் கம்பா இனத்து மக்கள். 2019 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 9.9 லட்சம். மழை பொய்த்தால் அரசின் நிவாரண மக்காச்சோளத்தை எதிர்பார்த்திருக்கும் பகுதி என்பதுதான் இதற்கு முன்பிருந்த பெயர்.

கிப்வானா நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். 1990-களில் அரசியலமைப்புச் சீர்திருத்தம் கோரிய இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்து 2007 தேர்தலில் தோற்றவர். அதிகாரத்தை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று தெருவில் நின்று பேசிய ஒருவர், அந்த அதிகாரம் தம் கைக்கே வந்தபோது என்ன செய்தார் என்பதில்தான் என் அக்கறை முழுவதும் இருக்கிறது.

அவர் செய்தவற்றுள் தலையாயதாக நான் கருதுவது எந்தக் கட்டடத்தையும் அன்று. கவுண்டியின் வளர்ச்சிப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்பதைக் கிராமத்தார் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். முதலில் கிராமம் கூடும். பிறகு சில கிராமங்கள் சேர்ந்த தொகுதி, அதற்கு மேல் துணைவார்டு, வார்டு, துணைக்கவுண்டி, இறுதியாகக் கவுண்டிப் பேரவை என்று ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த 11 பேர் கொண்ட வளர்ச்சிக் குழு இருந்தது. கிணறா, மருந்தகமா, பாலமா என்று கீழே முடிவான கோரிக்கைகள் மேலே வரவர வரிசைப்படுத்தப்பட்டு, வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றன. மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது கென்ய அரசியலமைப்பே விதித்த கடமைதான். பல கவுண்டிகளில் அது ஒரு விடுதியில் கூட்டம் நடத்திக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துபோக, மக்குவேனியில் அதையே ஆட்சியின் முதுகெலும்பாக ஆக்கினார்கள்.

அதைவிடவும் கூர்மையான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு வேலை தொடங்கியதும் அந்த ஊர்க்காரர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்படும். ஒப்பந்தக்காரர் எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்கினார், கம்பியின் கனம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அந்தக் குழு கையெழுத்திட்டால்தான் பணம் விடுவிக்கப்படும். ஒரு சிற்றூரின் மருந்தகச் சுவரில், வேலையின் பெயர், ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவற்றை எழுதிய பலகையை நான் பார்த்தேன். அருகில் நின்ற முதியவர் ஒருவர், தாம் அந்தக் குழுவில் இருந்ததாகவும், கதவின் மரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். படித்த பொறியாளருக்கு இல்லாத கண்டிப்பு, அந்தக் கதவை நாளும் திறந்து மூடப்போகிறவருக்கு இருக்கத்தானே செய்யும்.

இப்படிப்பட்ட ஏற்பாடு எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. மன்ற உறுப்பினர்களுக்கும் கவர்னருக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் மூண்ட பிணக்கு முற்றி, 2014 செப்டம்பரில் மன்ற வளாகத்திலேயே துப்பாக்கிச் சூடு நடந்து பலர் காயமடைந்தனர். கவுண்டி அரசையே கலைத்துவிட்டுப் புதிதாகத் தேர்தல் நடத்துங்கள் என்று மக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கலைத்தால் கிப்வானாவின் பதவியும் சேர்ந்து போகும். அது தெரிந்தும் அவர் அந்த மனுவின் பக்கமே நின்றார். விசாரணை ஆணையம் கலைக்கலாம் என்று பரிந்துரைத்தது; குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா 2015-இல் அதை ஏற்கவில்லை. 2017 தேர்தலில் மக்கள் தங்கள் தீர்ப்பைச் சொன்னார்கள்: கிப்வானா மீண்டும் வென்றார்; அந்த மன்ற உறுப்பினர்களில் மிகப் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

மருத்துவத்துக்கு வருகிறேன். கட்டணம் கட்ட இயலாத நோயாளியை, குணமான பிறகும் வீட்டுக்கு விடாமல் மருத்துவமனையிலேயே நிறுத்திவைக்கும் கொடுமை கென்யாவில் பரவலாக நடந்துவந்த ஒன்று. ஒருவர் நோயில் விழுந்தால் குடும்பத்தின் ஆடுமாடு முதலில் போகும், பிறகு நிலம் போகும். கிப்வானா முதலில் 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கவுண்டி மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை அளித்தார். பிறகு 2016-இல் ‘மக்குவேனி கேர்’ என்ற திட்டம் வந்தது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 500 ஷில்லிங் கட்டினால், கணவன், மனைவி, பிள்ளைகள் அனைவருக்கும் கவுண்டி மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை. அன்றைய மதிப்பில் அது சுமார் 5 டாலர். நாடு தழுவிய பொதுநல மருத்துவத்தைக் கென்ய அரசு நடைமுறைப்படுத்தத் தொடங்கும் முன்பே ஒரு வறண்ட கவுண்டி தன் சொந்தப் பணத்தில் அதை நடத்திக் காட்டியது. கவுண்டியின் தலைநகர் வோட்டேயில் 200 படுக்கைகள் கொண்ட தாய்சேய் மருத்துவமனையும் எழுந்தது. அது சுமார் 13.5 கோடி ஷில்லிங்கில் முடிந்ததைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் இதைப் போன்ற கட்டடத்துக்கு ஏன் பல மடங்கு ஆகிறது என்று பிற கவுண்டிகளின் மக்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள்.

நம் ஊர் ஆற்றை நினைக்கும் எவருக்கும் நெஞ்சில் தைப்பது மணல் கதைதான். மக்குவேனியின் ஆறுகள் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. மற்ற மாதங்களில் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரைக்குடுக்கையிலோ குவளையிலோ மொண்டு, மஞ்சள் கேன்களில் நிரப்பிக் கழுதைகளின் மேல் ஏற்றிச் செல்வார்கள். மணல்தான் அங்கே நீர்த்தொட்டி. நைரோபியின் கட்டடங்களுக்காக அந்த மணலை லாரி லாரியாக அள்ளிச் சென்றார்கள். எதிர்த்தவர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்ப்பலியும் நேர்ந்தது. கிப்வானாவின் அரசு 2015-இல் மணல் பாதுகாப்புக்கென்றே தனிச்சட்டம் இயற்றி, அதைச் செயல்படுத்த ஓர் ஆணையமும் அமைத்தது. கூடவே, கம்பா மக்கள் முன்பிருந்தே கட்டிவந்த மணல் தடுப்பணைகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே பாறையடி வரை சுவர் எழுப்பினால், ஒவ்வொரு வெள்ளத்திலும் வண்டல் வழிந்துபோக, கனமான மணல் சுவருக்குப் பின்னால் தங்கும். சில பருவங்களில் அணை முழுக்க மணலாகி, அந்த மணலின் இடுக்குகளில் நீர் வெயிலுக்கு ஆவியாகாமல் நிற்கும். திறந்த குளத்தைவிட வறண்ட நாட்டுக்கு இதுவே ஏற்றது.

மாம்பழம் மக்குவேனியின் பணப்பயிர். பருவத்தில் எல்லாருடைய தோப்பிலும் ஒரே நேரத்தில் காய்த்துக் குவியும்போது, தரகர் சொன்னதுதான் விலை. விற்காதது மரத்தடியில் அழுகும். கலாம்பாவில் 2017-இல் கவுண்டியே பழக்கூழ் ஆலை ஒன்றைத் தொடங்கியது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளை அறிந்தவர்களுக்கு அதன் பயன் உடனே விளங்கும்: ஆலை வாங்கும் பழம் கொஞ்சமே ஆனாலும், ஆலை ஒரு விலை அறிவித்துவிட்டால் தரகர் அதற்குக் கீழே கேட்கத் தயங்குவார். பழ ஈக்களின் தொல்லையால் கென்யா 2014-இல் தானே நிறுத்திவைத்த ஐரோப்பிய மாம்பழ ஏற்றுமதி 2021-இல் மீண்டும் தொடங்கியபோது, ஈயைக் கட்டுப்படுத்திய பகுதியாக முன்வைக்கப்பட்டதும் மக்குவேனிதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 500 ஷில்லிங் என்பது மருத்துவச் செலவில் ஒரு சிறு பகுதியையே ஈடுகட்டும். மீதியைக் கவுண்டி சுமந்ததால் மருந்துத் தட்டுப்பாடு தலைகாட்டியது. பழ ஆலை பருவத்தில் மட்டும் முழுமூச்சில் ஓடி, மற்ற மாதங்களில் சும்மா இருந்தது. குழாய்நீர் கிடைக்காத வீடுகள் இன்றும் ஏராளம். 2022-இல் அவர் செனட் உறுப்பினர் தேர்தலில் நின்று, வைப்பர் கட்சியின் டான் மான்சோவிடம் தோற்றார். அப்பகுதியில் வைப்பர் கட்சியின் செல்வாக்கும், அதன் தலைவர் கலோன்சோ முசியோக்காவோடு இவருக்கு நேர்ந்த முறிவும் அதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அவருடைய ஆட்சியின் மீதான தீர்ப்பாக அதை நான் கொள்ளவில்லை.

சங்கத்தின் பார்வைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாம் எல்லாரும் வெளியூரில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறோம். அந்தப் பணத்தில் நம் ஊரில் நடக்கும் ஊருணிப் படித்துறை வேலையை மேற்பார்க்க நம்மில் ஒருவரும் அங்கே இல்லை. ஆகவே, ஊர்க்கூட்டத்தில் தேர்ந்தெடுத்த ஐவர், அவர்களுள் இருவராவது பெண்கள், கையெழுத்திட்ட பிறகே ஒவ்வொரு தவணையையும் விடுவிப்பது என்று வரும் செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரும்படி தலைவர் அண்ணனையும் பொருளாளர் அக்காவையும் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தின் வரைவை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
நைரோபியிலிருந்து உங்களில் ஒருவன்