மறு: கலைச்சொல் அவசரம் – ‘பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’

செந்தூல் ஆசிரியை:
வணக்கம். மலேசியப் பள்ளிகளில் படிவம் 5 மாணவர்களுக்கான பருவநிலைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 1992இல் ரியோவில் நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவில் நிற்கிறேன். காக்கும் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் அளவு ஒன்றல்ல. வளர்ந்த நாடுகள் முன்னே நடக்கவேண்டும். தலைப்பில் உள்ள தொடர் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. சுருக்கமாக ஒன்று தாருங்கள்.

பட்டர்வொர்த் ஐயா:
டீச்சர், ‘பகுபொறுப்பு’ எனலாமே. பகுபதம் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. வினைத்தொகை என்பதால் முக்காலமும் அடங்கும்: நேற்றுக் கக்கிய புகை, இன்றையது, நாளையது. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளும் துணைக்கு நிற்கிறது. பாதி, பாத்தி, பால் எல்லாம் இந்த வேர்தான். பகலும் அப்படியே, நாளைப் பகுப்பதால் வந்த பெயர் என்பார் சிலர்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
பகல் இருக்கட்டும் ஐயா. பகுத்துவிட்டால் என் பங்கு வேறு, உன் பங்கு வேறு என்றாகி ‘பொது’ கழன்றுவிடுகிறதே! சண்டையே ‘பொது’, ‘வேறுபட்ட’ இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான். 1997 கியோட்டோவில் வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் புகையைக் குறைக்கக் கட்டாய இலக்கு வைத்தார்கள். அமெரிக்கா கடைசிவரை உறுதிசெய்யவில்லை. 2015 பாரிசில் எல்லா நாடுகளும் தத்தம் இலக்கைத் தாமே சொல்லவேண்டும் என்றானது. நீளமானாலும் டீச்சரின் தொடரே இருக்கட்டும்.

ஜார்ஜ்டவுன் உறுப்பினர்:
புகைமூட்டத்தைப் பாருங்கள். எல்லை தாண்டும் புகையைத் தடுக்கத் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் செய்த ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா உறுதிசெய்ய 2014 ஆனது. சுமத்ராவில் சதுப்புக்காடு எரிந்தால் இங்கே பள்ளியை மூடுகிறோம். ஆனால் அங்கே மலேசிய முதலீட்டுச் செம்பனைத் தோட்டங்களும் உண்டு. எல்லைக்கோடு போட்டுப் பகுக்க முடியாது. ‘கூட்டுப்பொறுப்பு’ என்றால்?

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
அந்தச் சொல் அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பைக் குறிக்கப் போய்விட்டது. ‘நிலைக்கேற்ற பொதுப்பொறுப்பு’?

ஜார்ஜ்டவுன் உறுப்பினர்:
சரி. கேட்டவுடன் புரிகிறது.

செந்தூல் ஆசிரியை:
நன்றி. அதையே போடுகிறேன், முழுத் தொடர் அடிக்குறிப்பில் வரும்.

பட்டர்வொர்த் ஐயா:
‘நிலை’ இன்றைய வசதியை மட்டும் சொல்கிறது, டீச்சர். தொழிற்புரட்சி முதல் எரித்த நிலக்கரிக்கு அதில் இடமில்லை. ரியோவில் ஏழை நாடுகள் வாதாடியது அந்தப் பழைய கணக்குக்காகவும்தான். பெரும்பான்மை முடிவு அச்சேறட்டும். நான் உடன்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.