கலைச்சொல் தேவை: ‘டிட்’, ‘டஸ்’ வகைத் துணைவினைக்கு ‘முட்டுவினை’ சரிப்படுமா?

குழுவில் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ரொம்ப நாள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இன்றைக்கு ஒரு வில்லங்கத்தோடு வருகிறேன். மகளுக்கு ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடம். பத்து ஆங்கில வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போட வேண்டும். முதல் ஆறும் சரசரவென்று போய்விட்டன. ஏழாவது, ‘டிட் யூ கோ டு த மார்க்கெட்?’. ‘கோ’வுக்கு மட்டும் கோடு போட்டு வைத்திருந்தாள். ‘டிட்’டும் வினைதான் அம்மிணி என்றேன். “டிட்னா செய்தான். அப்போ ‘நீ செய்தாயா போ சந்தைக்கு’ன்னு வருதுங்ப்பா” என்று சிரிக்கிறாள். அவளிடம் இருந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் ‘டூ என்றால் செய், டிட் என்றால் செய்தான்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

துணைவினை என்று சொல்லி நழுவியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் இங்கே போதவில்லை. ‘ஷி இஸ் ரீடிங்’கில் ‘இஸ்’ வந்ததால் வேலை நடந்துகொண்டிருப்பது தெரிகிறது. ‘கேன்’ வந்தால் முடியும், ‘மஸ்ட்’ வந்தால் கட்டாயம். நம்முடைய துணைவினைகளும் அப்படித்தான். ‘படித்துவிட்டாள்’ என்பதில் ‘விடு’ எதையும் விடவில்லை, ஆனால் வேலை முடிந்ததைச் சொல்கிறது. இந்த ‘டிட்’டுக்கோ சொந்தச் சரக்கு ஒன்றும் கிடையாது. கேள்வி கேட்கும்போது, ‘நாட்’ சேரும்போது, ‘ஐ டூ லைக் இட்’ என்று அழுத்திச் சொல்லும்போது வரும். அதுவும் அங்கே வேறு துணைவினை இல்லாவிட்டால்தான். ‘கேன் யூ கம்?’ என்பதில் இதற்கு வேலையே இல்லை. ‘யூ வென்ட்’ கேள்வியாகும்போது, ‘வென்ட்’டில் இருந்த இறந்தகாலத்தை ‘டிட்’ வாங்கிக்கொள்கிறது, ‘வென்ட்’ மொட்டையாக ‘கோ’ என்று நிற்கிறது. பிள்ளைகள் ‘டிட் யூ வென்ட்’ என்று எழுதிச் சிவப்பு மை வாங்குவது இந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்துக்கே இது பிறவிக் குணம் இல்லை. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘தே நோ நாட் வாட் தே டூ’ என்று இருக்கிறது. இன்றைக்கு என்றால் ‘தே டோன்ட் நோ’ என்பார்கள். அதே வரியின் கடைசியில் நிற்கும் ‘டூ’ அசல் வினை, ‘செய்கிறார்கள்’ என்ற பொருளோடு. சொல் ஒன்று, உத்தியோகம் இரண்டு. அதனால்தான் தனிப்பெயர் கேட்கிறேன்.

என் யோசனை: முட்டுவினை. கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வாழை அதிகம். தார் தள்ளிய மரம் ஆடிக் காற்றில் சாயாமல் இருக்க, சாயும் பக்கமாகச் சவுக்குக் கழி ஒன்றைக் கொடுத்து நிறுத்துவோம். அதுதான் முட்டு. கழி காய்க்காது, ஆனால் அது இல்லாவிட்டால் தார் தரையில் கிடக்கும். மகளுக்கு இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு எப்படிப் படுகிறது?

(கோபியிலிருந்து)

*

தம்பி,

நல்ல கேள்வி. ‘டிட்’ வினைதானா என்பதையே முதலில் பார்த்துவிடலாம். தொல்காப்பியர் கணக்கில் வினை என்றால் வேற்றுமை உருபு ஏற்காது, காலம் காட்டும். ‘டிட்’ இரண்டிலும் தேறுகிறது. ஆனால் நன்னூலார், நம் சீனாபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் பவணந்தியார், செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு கேட்கிறார். ‘டிட்’டிடம் காலம் மட்டும்தான் இருக்கிறது. ‘டஸ்’ என்றால் செய்பவர் படர்க்கை ஒருமை என்றும் கொஞ்சம் தெரிகிறது. செயல் சுத்தமாக இல்லை. ஆக வினைதான், ஆனால் ஏழை வினை.

முட்டு என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஆடு முட்டும். ‘முட்டுக்கட்டை போடாதே’ என்றால் தடுக்காதே என்று பொருள். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டைதான் அது. தேரை நிறுத்தவும் திருப்பவும் அதுதான் உதவுகிறது என்று எனக்குத் தெரியும், வகுப்பில் இருக்கும் பையனுக்குத் தெரியாது. ‘போலிவினை’ என்றால் என்ன?

(திருச்செங்கோட்டிலிருந்து)

*

ஐயாவுக்கும் கோபித் தம்பிக்கும்,

போலிவினை வேண்டாங்க ஐயா. போலி என்றதும் பிள்ளைகள் எழுத்துப்போலிக்குப் போய்விடுவார்கள். முட்டுவினையும் வேண்டாம். இணையத்தில் ‘முட்டுக் கொடுப்பது’ என்றால் தன் கட்சி எதைச் செய்தாலும் வரிந்து கட்டிக்கொண்டு பேசுவது. பாடம் நடத்தும்போது முதல் வரியிலேயே வகுப்பு சிரித்துவிடும்.

நான் மொழிபெயர்ப்பில் இதுவரை ‘தாங்குவினை’ என்று எழுதி வருகிறேன். பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கல்லின் மேல் ஒரு பலகைக்கல் குறுக்கே கிடக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் கைக்குக் காத்திருக்காமல் தானே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதைத்தான் மனதில் வைத்து எழுதினேன்.

இன்னொன்று. ‘ட்ரை பண்ணினேன்’, ‘ஃபோன் பண்ணுவாள்’ என்கிறோமே, அங்கே ‘பண்ணு’ செய்வதும் இந்த வேலைதானே? இரண்டுக்கும் ஒரே பெயர் போதாதா?

(பொள்ளாச்சியிலிருந்து)

*

அக்கா, ஐயா,

நேற்றுப் பொழுதோட மடை திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். என் முட்டு தோற்றுவிட்டதுங்க. கட்சிக்காரர்களால் இல்லை, வாழையாலேயே. முட்டுக் கொடுத்த பிறகும் தாரைச் சுமப்பது மரம்தான், கழி பக்கத்துணை மட்டும். ‘டிட்’ வந்த இடத்தில் அப்படி இல்லை. ‘வென்ட்’ தன் காலத்தை முழுசாக இறக்கி வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு ‘கோ’ என்று நிற்கிறது. ‘கோஸ்’ தன் வாலையும் ‘டஸ்’ஸிடம் கழற்றிக் கொடுக்கிறது. இதற்குச் சுமைதாங்கிதான் பொருத்தம். ‘டிட் யூ வென்ட்’ ஏன் தப்பு என்பதும் அதிலேயே கிடைக்கிறது: சுமையைக் கல்லிலும் வைத்துவிட்டுத் தலையிலும் வைத்திருக்க முடியாது.

‘பண்ணு’வைச் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ‘ட்ரை’ தமிழில் தானாக ஓரடிகூட நடக்காது. அதற்கு ‘பண்ணு’ எப்போதும் வேண்டும். ‘கோ’வுக்கு ‘டிட்’ கேள்வியிலும் மறுப்பிலும் அழுத்தத்திலும் மட்டும். நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் வருவது ‘போகவில்லை’ என்பதுதான். அங்கேயும் ‘போனான்’ தன் காலத்தையும் விகுதியையும் விட்டுவிட்டு ‘போக’ என்று வெறும் எச்சமாகிறது. ஆனால் ‘இல்லை’ அதை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. நான் போகவில்லை, அவள் போகவில்லை, எல்லாம் ஒரே முகம். அதனால் ‘இல்லை’யையும் தாங்குவினை என்று சொல்ல மாட்டேன்.

மகளிடம் சோதித்துப் பார்த்தேன். ‘ஐ டூ நாட் டூ மை ஹோம்வொர்க் அட் நைட்’ என்று எழுதிக் கொடுத்தேன். முதல் ‘டூ’வுக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாகக் கல் மாதிரி ஒரு கட்டம் வரைந்தாள். இரண்டாவதுக்கு வெறும் கோடு. அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டே, “ஹூ கேம்? இதும் கேள்விதானுங்ப்பா. கல்லு எங்கே?” என்றாள். கொஞ்சம் திணறித்தான் போனேன். ‘யூ வென்ட்’ கேள்வியாகும்போது காலம் ‘யூ’வைத் தாண்டி முன்னால் போக வேண்டியிருக்கிறது, அதனால் இறக்கி வைக்கிறோம். ‘ஹூ’வோ எழுவாய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரும் இடம் மாறவில்லை, சுமையை இறக்கத் தேவையும் இல்லை. ‘ராமு கேம்’ என்று பக்கத்தில் எழுதிக் காட்டியதும் விட்டுவிட்டாள்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்க: ‘தாங்குவினை – தனிப்பொருள் இல்லாமல், முதல்வினையின் காலத்தையும், நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் அதன் ஈற்றையும் ஏற்று நிற்கும் ஆங்கிலத் துணைவினை, டூ, டஸ், டிட்.’ ‘ஈறு’ என்பதா ‘விகுதி’ என்பதா, ஐயாதான் சொல்ல வேண்டும்.