‘வாரா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது? – புருண்ட்லாண்ட் கட்டுரையை முன்வைத்து

வணக்கம்.

நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் பற்றிய கட்டுரை வரைவில், 1987-இல் வந்த சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆணைய அறிக்கையும், 1998 முதல் 2003 வரையிலான உலக சுகாதார நிறுவனத் தலைமையும் நன்றாக வந்திருக்கின்றன. நாடாளுமன்றப் பகுதியைத்தான் திருத்தியாக வேண்டும். அதற்கு, உறுப்பினர் இல்லாதபோது அவர் இருக்கையில் வந்து அமர்பவரைக் குறிக்கும் ‘வாரா’ என்ற நார்வேச் சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

> 1977 முதல் 1997 வரை ஆஸ்லோ தொகுதியின் உறுப்பினராக இருந்த அவர், இதே காலத்தில் மூன்று முறை பிரதமராகவும் பதவி வகித்தார்.

ஆண்டுகள் சரி. ஆனால் இதைப் படிப்பவர், பிரதமர் அவையில் தன் இருக்கையில் அமர்ந்து வாக்களித்தார் என்றே எடுத்துக்கொள்வார். இந்தியாவில் அப்படித்தான், பிரிட்டனிலும் அப்படித்தான். நார்வேயில் அது கிடையாது. அரசியலமைப்பின் 62-ஆம் பிரிவின்படி, அமைச்சராக இருக்கும்வரை ஒருவர் உறுப்பினராக அந்நாட்டு நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்கில் அமர முடியாது. அவைக்கு வரலாம், பேசலாம், கேள்விக்கு விடை சொல்லலாம். வாக்கு மட்டும் இல்லை. உறுப்பினர் பதவி அவர் பெயரிலேயே இருக்கும். இருக்கையில் அதே கட்சியின், அதே தொகுதிப் பட்டியலில் அடுத்து நிற்பவர் வந்து அமர்வார். அவரைத்தான் நார்வேயில் ‘வாரா’ என்கிறார்கள்.

புருண்ட்லாண்டின் கணக்கைப் பாருங்கள். 1977-இல் தேர்வானபோது அவர் சுற்றுச்சூழல் அமைச்சர். 1979 அக்டோபர் வரை அந்தப் பதவியில் இருந்தார். பிறகு 1981 பிப்ரவரி 4 முதல் அக்டோபர் 14 வரை பிரதமர். அடுத்து 1986 மே 9 முதல் 1989 அக்டோபர் 16 வரை. கடைசியாக 1990 நவம்பர் 3 முதல் 1996 அக்டோபர் 25 வரை. கூட்டினால் 20 ஆண்டில் ஏறத்தாழ 12 ஆண்டு அந்த ஆஸ்லோ இருக்கையில் வேறொருவர் இருந்திருக்கிறார். அந்த வேறொருவரைக் குறிக்க வரைவில் ஒரு சொல் இல்லை. இதைத் தீர்த்தால் நார்வே அரசியலர் கட்டுரைகள் அத்தனைக்கும் உதவும்.

இதுவரை இந்த உரையாடல் இழையில் வந்த சொற்கள்: துணை உறுப்பினர், மாற்று உறுப்பினர், பதிலி, காத்திருப்பு உறுப்பினர். ‘வாரா உறுப்பினர்’ என்று ஒலிபெயர்த்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டவே வேண்டாம். தமிழில் அதற்கு ‘வராத உறுப்பினர்’ என்று பொருள் வந்துவிடும். நாம் சொல்ல வருவது வந்து அமர்பவரை.

*

ஐயா, வணக்கம்.

துணை என்பதை நானும் ஏற்கமாட்டேன். துணை சபாநாயகர், துணைவேந்தர் என்று எழுதும்போது மேலே ஒருவர் இருந்து, அவரோடு கூட இவர் வேலை செய்கிறார் என்றாகிறது. நோர்வேயில் இருவரும் ஒரே நேரத்தில் அவையில் இருப்பதில்லை. ஒருவர் எழுந்தால்தான் மற்றவருக்கு இடம்.

பதிலி என்பது இன்னொருவரின் சார்பில், அவர் சொன்னபடி வாக்குப் போடுபவரைக் குறிக்கும். வாரா அப்படிப்பட்டவர் அல்லர். அவரும் வாக்காளரால் தெரிவுசெய்யப்பட்டவர். தன் வாக்கைத் தானே போடுவார், குழுவிலும் அமர்வார், உரையும் ஆற்றுவார்.

இலங்கை வழக்கில் ‘பதில் அமைச்சர்’, ‘பதில் நீதவான்’ என்று நாளாந்தம் எழுதுகிறோம். நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர் இல்லாதபோது அந்தக் கதிரையில் முழு அதிகாரத்தோடு இருப்பவர் என்பதே அதன் கருத்து. ஆகவே ‘பதிலுறுப்பினர்’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. தமிழ்நாட்டில் இந்த இடத்தில் ‘பொறுப்பு’ என்று போடுவீர்கள் என்பது தெரியும். ஆனால் ‘பொறுப்பு உறுப்பினர்’ என்றால் ஏதோ ஒரு துறைக்குப் பொறுப்பானவர் என்றாகிவிடும்.

இந்த ஏற்பாடு ஏன் உயிர்நாடி என்பதையும் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லவேண்டும். 1977 தேர்தலில் மொத்தம் 155 இடங்கள். புருண்ட்லாண்டின் தொழிற்கட்சிக்கு (தொழிலாளர் கட்சி) 76, அதற்கு ஆதரவான சோசலிச இடதுசாரிக் கட்சிக்கு 2, எதிர்த்தரப்புக்கு 77. ஒரேயொரு இடம் கூடுதல். புருண்ட்லாண்ட் அமைச்சராக இருந்ததால் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்திருந்தால், அந்த ஒன்றிலேயே அன்றைய பிரதமர் நோர்ட்லியின் அரசாங்கத்துக்கு இருந்த பெரும்பான்மை போயிருக்கும். இடைத்தேர்தல் வைத்து நிரப்பவும் வழியில்லை, அங்கே இடைத்தேர்தலே இல்லை. நான்கு ஆண்டு முடியுமுன் பாராளுமன்றத்தைக் கலைக்கவும் முடியாது. 1986 மே மாதம் பிரதமர் வில்லொக்கின் அரசாங்கம் விழுந்து புருண்ட்லாண்ட் இரண்டாம் முறை பிரதமரானதும் தேர்தல் இல்லாமல்தான். அன்றைய அவையில் 157 பேர். வில்லொக்கின் கூட்டணிக்கு 78, அதாவது பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. தொழிற்கட்சிக்கு 71.

*

பதிலுறுப்பினர் எனக்கும் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்குப் ‘பதில்’ என்றதும் முதலில் விடைதான் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். ஆனால் ‘பதிலாள்’ எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். கொஞ்சம் பழகினால் நின்றுவிடும். மாற்று உறுப்பினரை நான் தள்ளுவதற்குக் காரணம் வேறு. நம் தேர்தல் செய்திகளில் ‘மாற்று வேட்பாளர்’ என்றால் முதன்மை வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டவுடன் ஒதுங்கிக்கொள்பவர். அந்த நினைவோடு படித்தால், அவையில் ஆண்டுக்கணக்கில் அமர்பவர் என்பது பிடிபடாது.

சொல்லை முடிவு செய்யுமுன் மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைக் கலந்துவிட்டால் பட்டியல்கள் குழம்பும்.

தேர்வு நிலை முதலாவது. 2023 வரை நடப்பில் இருந்த 2002-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டப்படி, ஒரு கட்சி ஒரு தொகுதியில் வென்ற இடங்களோடு மூன்றைக் கூட்டினால் வருவதே அதன் பதிலுறுப்பினர் எண்ணிக்கையாக இருந்தது. 4 இடம் வென்றால் 7 பேர். இவர்களில் பலர் அந்த நான்காண்டில் அவைக்கு ஒரு நாள்கூட அழைக்கப்படாமல் போகலாம். அதனால் ‘பதிலுறுப்பினராகத் தேர்வானார்’ என்பதை ‘அவை உறுப்பினரானார்’ என்று எழுதவே கூடாது.

இரண்டாவது, வந்து அமர்வது. நோய், மகப்பேறு விடுப்பு, வெளிநாட்டுப் பயணம் என்றால் சில நாளோ சில மாதமோ. உறுப்பினர் அமைச்சரானால் அமைச்சரவை இருக்கும்வரை. இதற்கு ‘பதிலமர்வு’ என்று வைப்போம். அமர்பவர் ‘அமர்வுப் பதிலுறுப்பினர்’. அமைச்சர் பதவி போனதும் உறுப்பினர் தானாகவே இருக்கைக்குத் திரும்புவார், பதிலுறுப்பினர் எழுந்துவிடுவார். 1979-இலும், 1981, 1989, 1996 அக்டோபர்களிலும் புருண்ட்லாண்ட் திரும்பியது இப்படித்தான். மறுபடி தேர்வானதால் திரும்பினார் என்று எழுதினால் பிழை.

மூன்றாவது, உறுப்பினர் இறந்துவிட்டால் பட்டியலில் முதல் பதிலுறுப்பினர் முழு உறுப்பினராகவே ஏறுகிறார். இதைப் பதிலமர்வு என்று எழுதக்கூடாது, ‘இடமேற்றம்’ பொருந்தும்.

திருத்திய பத்தி, உங்கள் பார்வைக்கு:

> 1977-இல் ஆஸ்லோவிலிருந்து தொழிலாளர் கட்சி சார்பில் ஸ்டோர்டிங்குக்குத் தேர்வான புருண்ட்லாண்ட், தொடர்ந்து ஐந்து தேர்தல்களில் வென்று 1997 வரை உறுப்பினராக இருந்தார். அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த காலங்களில் (1979 அக்டோபர் வரை, 1981 பிப்ரவரி–அக்டோபர், 1986–1989, 1990–1996) அவருக்கு அவையில் வாக்கு இல்லை, அவருடைய இருக்கையில் அதே பட்டியலின் பதிலுறுப்பினர் அமர்ந்தார்.

தகவல் பெட்டியிலும் ‘பதவிக்காலம்’ என்பதற்குக் கீழே ‘பதிலமர்வு’ என்று தனி வரி சேர்க்க வேண்டும். நார்வேயின் மற்றொரு முன்னாள் பிரதமர் ஸ்டோல்டன்பெர்க் பற்றிய கட்டுரைக்கும் அது தேவைப்படும். நார்வே, நோர்வே என்ற இரு எழுத்துவழக்கையும் கட்டுரைக்குள் கலக்காமல் ஒன்றையே கடைசிவரை கொண்டுபோகவும். மறுப்பு இருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.